மூன்று நிமிஷத்தில் தங்கவயல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் பெங்களூர் கண்டோன்மென்டில் தொலைபேசி நிலையம் ஒன்றில் பெண்களுக்கென்று பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நான் அதில் படித்துத் தேறியவள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அதுவரை அங்கே பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். ஊரில் பட்டாளம் பெருகவும் தொலைபேசி அழைப்புகளும் பெருகின. இருந்த ஆட்கள் போதவில்லை. மெட்ரிகுலேஷன் முடித்த, குரல் தெளிவாக இருக்கிற மற்றப் பெண்களையும் எடுத்துப் பார்க்கலாம் என்று மேலே யாரோ தீர்மானித்தார்கள். அப்படி நடந்த இரண்டாவது வகுப்பில் உள்ளே நுழைந்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் தமிழ் வீட்டுப் பெண்கள், மூன்று பேர் கன்னடம், ஒருத்தி வீட்டில் தக்கினி உருது பேசுகிறவள்.

சுவிட்ச் போர்டு சுவர் மாதிரி உயர்ந்து நிற்கும். அதில் நூற்றுக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ எங்கேயோ ரிசீவரைத் தூக்கியிருக்கிறார் என்று அர்த்தம். கையில் இருக்கிற கயிற்றின் முனையை அந்தத் துளையில் செருகி, என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டு, சொன்ன நம்பரைத் திருப்பிச் சொல்லி, இன்னொரு கயிற்றை அந்த நம்பரின் துளையில் செருக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே சேருவதற்கு முன் ஒரு தொழிற்பள்ளியில் இயந்திரப் படம் வரையப் படித்தவள் நான். எதையும் நம்பர் போட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. முதல் வாரம் முடிவதற்குள் என் குறிப்புப் புத்தகத்தில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன.

"இவ தாலி கட்டிக்கிறப்போகூட ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முடிச்சுக்கு நம்பர் போட்டுத்தான் கட்டிக்குவா" என்றாள் லிங்கராஜபுரத்து அக்கா.

எங்களில் வயதில் மூத்தவள் அந்த அக்காதான். கல்யாணமாகி, கணவர் பட்டாளத்தோடு எங்கேயோ போயிருக்க, மாமியார் வீட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். குரல் மணி மாதிரி இருக்கும். நாக்கு ஊசி மாதிரி.

நான்கு மாதப் பயிற்சியின் கடைசியில் குரல் பரீட்சை வைப்பார்கள். ஒரு சின்ன அறையில் நம்மைத் தனியாக உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். பரிசோதகர் கட்டடத்தின் அந்தக் கோடியில் வேறோர் அறையில் இருப்பார். நம் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் நமக்குத் தெரியாது. நாம் போய்வந்த ஓர் ஊரைப் பற்றியோ பார்த்துவந்த ஓர் இடத்தைப் பற்றியோ அவருக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முறை, வீட்டு மொழியில் ஒரு முறை. கையில் காகிதம் கூடாது. வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்பதால் இதற்கும் மூன்று நிமிஷம். கேட்கக் கேட்க அவர் எழுதிக்கொள்வார். ஊர்ப் பெயர், நேரம், தூரம், எண்ணிக்கை எல்லாம் பிசகாமல் அவர் காதில் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பதற்குப் பாதி மார்க். மீதிப் பாதி, 'கேட்க விருப்பம்' என்று ஒரு கட்டம். கேட்பவருக்கு மேலே கேட்கத் தோன்றியதா என்பது அதற்குப் பொருள். அதற்கு எப்படி மார்க் போடுவார்கள் என்று நான் எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது அவருக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது பேரில் ஏழு பேருக்குத்தான் வேலை.

எங்களோடு இருந்த தொம்மலூர்ப் பெண்ணுக்கு இது இரண்டாவது தடவை. அதற்கு முந்தைய வகுப்பில் படித்துப் பரீட்சையில் தவறிப்போனவள். தவறிய காரணம் நிலையம் முழுவதற்கும் தெரியும், அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். பரிசோதகர் ஹெட்போனில், "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். அவர் மறுபடியும் கேட்க, இன்னும் பலமாக ஆட்டியிருக்கிறாள். மூன்றாம் தடவை ஹெட்போனே கழன்று மடியில் விழுந்துவிட்டது. அதன்பின் சொன்ன கதையில் பாதியைக் கையால் சொன்னாள்.

இரண்டு தடவைக்கு மேல் யாருக்கும் வாய்ப்புக் கிடையாது. அவள் அப்பா குதிரைப் பட்டாளத்தில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தவர். குதிரைகள் போய் லாரிகள் வந்துவிட்டன. முழங்கால் வலியோடு அவர் வீட்டில் இருந்தார். இவளுக்கு வேலை கிடைத்தால் ஏழாவது படிக்கிற தங்கை படிப்பைத் தொடருவாள். கிடைக்காவிட்டால் தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற கொட்டகையில் சேர்த்துவிடுவதென்று பேசி முடித்திருந்தார்கள். கொட்டகை மேஸ்திரியிடம் சொல்லிக்கூட வைத்தாயிற்று.

"அவளுக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுடி" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "ஆனா வாய்ப்பாடு பத்தொன்பது வரைக்கும் தலைகீழா சொல்லுவா." அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

ஆகவே நாங்களே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் நிலையத்தின் பின்தாழ்வாரத்துக்குப் போவோம். கம்பங்களில் மாட்டும் பீங்கான் குமிழ்களை அங்கே மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கம்பியைக் குறுக்கே கட்டி, அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய படுக்கை விரிப்பை அதில் தொங்கவிடுவோம். சொல்லுகிறவள் அந்தப் பக்கம், கேட்கிறவர்கள் இந்தப் பக்கம். ஒருத்தி கையில் பென்சில் இருக்கும். சொல்லி முடித்ததும், எழுதியதை அவள் திருப்பிப் படிக்க வேண்டும். போர்டில் நம்பரைத் திருப்பிச் சொல்லுவது போலத்தான்.

எங்கெங்கேயோ போய்வந்தோம் அந்தத் தாழ்வாரத்தில். ஒருத்தி ஊட்டிக்குக் கூட்டிப்போனாள். ஒருத்தி மைசூர் தசராவுக்கு. கன்னடப் பெண் ஒருத்தி தலைக்காவேரிக்குப் போய்க் குளிரில் பல் கிட்டிப்போனதைச் சொன்னபோது எங்களுக்கும் நடுங்கியது. அக்கா சொன்னதோ வேளாங்கண்ணி. மூன்று நிமிஷம் ஆகியும் அவள் இன்னும் ஜோலார்பேட்டையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டைம் ஆயிடுச்சு!"

"இரு, டம்ளரைக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

தொம்மலூர்ப் பெண் எடுத்துக்கொண்டது கோலார் தங்கவயல். தாய்மாமா அங்கே சுரங்கத்தில் வேலை செய்தார். பன்னிரண்டு வயதில் அவர் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்திருக்கிறாள். திரை இல்லாமல் நேரில் அவள் சொல்லிக் கேட்டால் நம் வயிறு புண்ணாகும். மாமா நடை, அத்தை முறைப்பு, ரயிலில் கோழிக்கூடையோடு ஏறிய ஆள், எல்லாவற்றையும் கையும் கழுத்தும் தோளுமாகச் செய்து காட்டிவிடுவாள். திரையைப் போட்டதும் எல்லாம் போய்விட்டது.

"மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல இறங்கின உடனே பாத்தீங்கன்னா, சுரங்கத்து மேல ஒரு சக்கரம் இருக்குது, இவ்ளோ பெரிசு! அது இப்படிச் சுத்தும். கயிறு இப்படிப் போகும். கூண்டு அப்படியே இப்படி…"

"எப்படி?" என்றாள் அக்கா.

"இப்படித்தாங்கா!"

"அடியே, எங்க பக்கம் உன் நிழல்கூட விழலை. இப்படின்னா எப்படி?"

"அதான் காட்டுறேனே!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளும்தான் சிரித்தாள். எழுதியவள் திருப்பிப் படித்தபோது காகிதத்தில் 'இப்படி' பதினாறு இடத்தில் இருந்தது. சக்கரத்தின் அளவு ஓரிடத்திலும் இல்லை.

என் கதையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பா மின்சார இலாகாவில் பிட்டர். ஒரு முறை என்னைச் சிவசமுத்திரத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயுள்ள மின்நிலையத்தைக் காட்டினார். நான் அதைச் சொன்னேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், அருவியின் உயரம், குழாய்களின் எண்ணிக்கை, முதலில் கண்டது, இரண்டாவதாகக் கண்டது, ஏழாவது வரை. எழுதியவள் அக்கா. ஒரு தவறுகூட இல்லாமல் திருப்பிப் படித்தாள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"ஒரு எழுத்து விடலைம்மா, எல்லாம் எழுதிட்டேன்" என்றாள். "நடுவுல நாலு கொட்டாவியும் விட்டுட்டேன். ரேஷன் கடைப் பலகைகூட இதைவிட ருசியா இருக்கும்."

நான் பொருட்படுத்தவில்லை. பாதி மார்க் என் பையில் பத்திரமாக இருந்தது. என் கவலையெல்லாம் தொம்மலூர்ப் பெண்ணின் கைகளைப் பற்றியே இருந்தது.

முதலில் அவள் மடியில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். கை அசைந்தால் சிந்தும், அதனால் அசைக்கமாட்டாள் என்று நினைத்தோம். சக்கரம் வந்ததும் சேலை நனைந்தது. மூன்று நாள் ஈரச் சேலையோடு அவள் போர்டில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சூப்பர்வைசர் மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தார். அடுத்து, இரண்டு கையையும் துணியால் கட்டினோம். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நின்றுபோனாள்.

"என்னடி ஆச்சு?"

"கையைக் கட்டிட்டா வாய்க்கு வழி தெரியலைங்கா."

அதன்பின் நான் எனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினேன். திரையை எடுத்துவிட்டு அவளைச் சொல்லச் சொல்லி, கை அசைந்த இடங்களை எல்லாம் குறித்தேன். மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குரிய சொல்லோ அளவோ எழுதினேன். 'கையை விரித்தல்: சக்கரத்தின் குறுக்களவு, ஆள் உயரத்தில் இரண்டு மடங்கு.' 'விரலைச் சுழற்றுதல்: கயிறு சுற்றிக்கொள்ளும் வேகம்.' இரண்டு இரவு உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போய் நான்கு நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். கை அசைந்ததா என்று தெரியாது. எல்லா அளவும் வந்தது, எல்லா எண்ணும் வந்தது. திருப்பிப் படித்தபோது ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை. அக்காகூட வாயைத் திறக்கவில்லை. அக்கா கிண்டல் பண்ணாமல் இருந்தால் விஷயம் மோசம் என்று எங்களுக்குத் தெரியும்.

அவள் திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் காகிதத்தை நான்காக மடித்து என் கையில் வைத்தாள்.

"இது உன் கதை" என்றாள். "தங்கவயலுக்கு நீ போய் வந்த மாதிரி இருக்குது. நான் போகவே இல்லை."

"எல்லாம் சரியா வந்துச்சே!"

"வந்துச்சு. எனக்கே போர் அடிச்சுது. நானே கேக்கமாட்டேன், அந்த மனுஷன் எப்படிடி கேப்பாரு?"

சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த இரண்டு நாள் மதியம் அவள் தாழ்வாரத்துக்கு வரவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இரவு கண் விழித்து எழுதியதற்கு இதுதானா என்று இருந்தது. ஆனால் கோபத்திலும் கணக்குப் பார்க்கிற புத்தி போகாது. எங்கே பிசகினேன் என்று யோசித்தேன். ஒரு கை அசைவுக்கு ஒரு சொல் என்று பண்டமாற்றுச் செய்திருந்தேன். எந்தச் சொல் வேண்டும் என்று நான் தீர்மானித்தேன், அவளைக் கேட்கவில்லை. அப்போது தொழிற்பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள். ஒரு மாணவி ஓர் இயந்திரப் பாகத்தைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு வாயால் வர்ணிப்பாள். மற்றவர்கள் அதைக் கேட்டே வரைய வேண்டும். படம் கோணினால் தப்பு யார் மேல் என்று அங்கே தினமும் சண்டை நடக்கும். ஆனால் எந்த இடத்தில் சொல் போதவில்லை என்று படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அவளை வாசலில் பிடித்தேன்.

"லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றேன்.

"பொய் சொல்லாதே. நீயாவது, லிஸ்ட்டைக் கிழிக்கிறதாவது!"

"சரி, மடிச்சுப் பெட்டியில வெச்சிருக்கேன். இப்ப வா. உன் கை எங்க வேணும்னாலும் ஆடட்டும். நாங்க எழுதப் போறதில்ல, வரையப் போறோம்."

"எனக்கு எதுக்குடி படம்?"

"நீ சொன்னது எங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு நீயே வந்து பாரு."

அன்று நான்கு பேர் பென்சிலோடு உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னால் அவள் பழையபடி கையை ஆட்டிக்கொண்டு பேசினாள். விரிப்பு அசைவதிலிருந்தே தெரிந்தது. முடிந்ததும் வந்து படங்களைப் பார்த்தாள். அக்காவின் படத்தில் சக்கரம் ஆகாயத்தில் நிலா மாதிரி தனியாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் கிளிக்கூண்டு, கூண்டுக்குள் மீசையோடு ஓர் ஆள்.

"ஐயோ அக்கா! சக்கரத்துக்குக் கால் எங்க?"

"நீ சொன்னியா காலை?"

"சொன்னேனே!"

"கையால சொல்லியிருப்பே. நான் காதாலதானே கேக்குறேன்."

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளிக்கூண்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மறுபடியும் தொடங்கினாள். "நாலு இரும்புத் தூணு. பனைமரம் மாதிரி உசரம். மேல போகப்போக ஒண்ணை ஒண்ணு நெருங்கி, உச்சியில தோள்மேல கை போட்டுக்கிட்ட மாதிரி நிக்கும். அதுங்க தோளுலதான் சக்கரம் உக்காந்திருக்கும்." என் பட்டியலில் அந்தச் சொற்கள் இல்லை. இருபத்து மூன்று நாள் யோசித்திருந்தாலும் எனக்கு அவை கிடைத்திருக்காது.

தினமும் வரைந்தோம். தினமும் ஏதாவது ஒன்று கோணும். அவள் வந்து பார்த்து, "இது இப்படி இல்லை" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சொல்லைத் தேடிப் பிடித்துச் சொல்லுவாள். இரண்டாவது வாரம் நான்கு பேர் படமும் ஏறக்குறைய ஒரே ஊரைக் காட்டின. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைட் மணல் மேடு வெள்ளை மலையாக நின்றது. தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரிசையாக இருந்தன. சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

என் கதையையும் வரையச் சொன்னேன். அக்கா வரைந்து கொடுத்த காகிதத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்.

"இதுல நான் எங்கக்கா?"

"அதைத்தான் நானும் தேடுறேன். நீ போனியா, இல்லை உங்கப்பா போய்ட்டு வந்து சொன்னாரா?"

அது என்னைச் சுட்டது. அன்று யோசித்துப் பார்த்தேன். மின்நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இறங்க ஒரு திறந்த டிராலி, செங்குத்தான சரிவில் தண்டவாளத்தின் மேல் போகும். பயத்தில் நான் அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்திருந்தேன். கீழே போய்ச் சேர்ந்தபோது பொத்தான் மட்டும் என் கையில் இருந்தது. அப்பா அதைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இதை ஏன் சொல்லாமல் விட்டேன் என்றால், இது தகவல் என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

அதே கேள்வியைத்தான் நான் மறுநாள் தொம்மலூர்ப் பெண்ணிடம் கேட்டேன். "எல்லாம் வரைஞ்சாச்சு. உன்னை எங்க போடறது?"

விரிப்பு ஆடுவது நின்றது.

"சக்கரத்துக்குக் கீழ, சுரங்கத்து கேட்டுக்கு வெளியில" என்றாள். "அத்தையோட. அத்தை கையில சாப்பாட்டுத் தூக்கு."

"எதுக்கு அங்க நின்னீங்க?"

"அன்னிக்குத் தரை ஆடுச்சு. அங்க அது அடிக்கடி ஆடும். அடியில பாறை வெடிச்சா, மேல வீட்டுல டம்ளரெல்லாம் கலகலன்னு சத்தம் போடும். யாரும் கண்டுக்கமாட்டாங்க. அன்னிக்கு ஆடினப்புறம் சக்கரம் நின்னுபோச்சு. சக்கரம் நின்னா லைன்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் வெளியில வந்துடுவாங்க. யாரும் யாரையும் கூப்பிடறதில்ல. அடுப்பை அணைச்சுட்டு வந்து கேட் பக்கத்துல நிப்பாங்க. அத்தை சோறு போட்டுத் தூக்கைக் கையில எடுத்துக்கிட்டு வந்துடுச்சு, மாமா வந்தா பசிக்குமில்ல. நான் அத்தை சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் சக்கரத்தையே பாத்தோம். அது எப்ப அசையும்னு."

நான் திரையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. அவள் அவற்றை மறந்துவிட்டிருந்தாள்.

சக்கரம் மறுபடியும் சுற்றத் தொடங்கியதையும், கூண்டு கூண்டாக ஆட்கள் மேலே வந்ததையும் சொல்லி முடித்தாள். நாங்கள் யாரும் வரைந்திருக்கவில்லை. அக்காவின் பென்சில் தரையில் உருண்டு கிடந்தது.

"இதை ஏண்டி இத்தனை நாள் சொல்லலை?" என்றாள் அக்கா.

"இதுல சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா."

கடிகாரம் என்னிடம்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு இருபது வினாடி குறைவு. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வெட்ட வேண்டும். இந்த இடத்தில் என் புத்தி பயன்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை வினாடி என்று கணக்கெடுத்துக் கொடுத்தேன். எதை எடுப்பது என்று அவளே முடிவு செய்தாள். கோழிக்கூடை ஆள் போனான். பௌரிங்பேட்டையில் வண்டி மாறியது ஒரே வாக்கியமாயிற்று. வெள்ளை மலை கதையில் தங்கியது. எவ்வளவு குறைத்தும் மூன்று நிமிஷம் பத்து வினாடிக்குக் கீழே வரவில்லை. "வேகமாச் சொல்லிடறேன்" என்றாள். "வேகமாச் சொன்னா சக்கரம் நிக்காது" என்றாள் அக்கா. அதோடு விட்டுவிட்டோம்.

பரீட்சை அன்று தலையில் எண்ணெய் குறைவாகத் தடவிக்கொண்டு, பூ வைக்காமல் வந்தோம். ஹெட்போன் வழுக்காமல் இருக்க வேண்டுமே. ஆங்கிலம் காலையில் முடிந்தது. அது எல்லாருக்கும் மனப்பாடம், ஒருவருக்கும் பயம் இல்லை. தமிழுக்கு வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி கேட்பதாகச் சொன்னார்கள். தமிழில் முதலில் அக்கா போனாள், வேளாங்கண்ணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். மூன்றாவதாக நான் போனேன். பொத்தான் வந்தபோது ஹெட்போனில் ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்போ இருமலோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் தொம்மலூர்ப் பெண். அந்த அறைக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகும் இரண்டு கைகளும் தெரிந்தன. சத்தம் ஒன்றும் வெளியே வராது. பரிசோதகருக்கு அவள் குரல் மட்டும், எங்களுக்கு அவள் கைகள் மட்டும். கைகளை வைத்தே எங்கே இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "ரயில்… தூணு… சக்கரம் சுத்துது… கூண்டு இறங்குது." அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிறகு கைகள் கீழே இறங்கின. கண்ணாடியில் தெரியவில்லை.

"கேட் பக்கத்துல வந்துட்டா" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம். கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. என் கணக்குப்படி அவள் இன்னும் அத்தை சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். சக்கரம் அசைந்திருக்காது.

அவள் வெளியே வந்தாள். "முடிக்கலை" என்றாள். "சக்கரம் நின்னு, எல்லாரும் நின்னு… கட் பண்ணிட்டாங்க."

அவளை உட்காரவைத்தோம். கூடாரக் கொட்டகையைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் எங்களை நோக்கி வந்தது. பரிசோதகரும் மாணவியும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது விதி. என் நாற்பத்தொன்றில் அது முப்பத்து நான்காவது. நரைத்த மீசை வைத்த ஒருவர் கையில் காகிதத்தோடு வந்து நின்றார். சூப்பர்வைசர் பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தங்கவயல் யாரும்மா?"

அவள் எழுந்து நின்றாள்.

"அந்த மாமா மேலே வந்தாரா, இல்லையா?"

"வந்துட்டாருங்க சார். கடைசிக் கூண்டுல. தூக்கைத் திறந்து பாத்துட்டு, சோறு ஆறிப்போச்சுன்னு அத்தையைத் திட்டினாரு. அத்தை மறுபடி அடுப்பை மூட்டப் போயிடுச்சுங்க."

அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பென்சிலை எடுத்துக் காகிதத்தில் அதையும் எழுதினார். சூப்பர்வைசரைப் பார்த்து ஆங்கிலத்தில் மன்னிப்புப் போல ஏதோ சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

"நாம எல்லாம் ஊர் போய்ச் சேந்தோமான்னு ஒருத்தரும் வந்து கேக்கலையே, பாத்தியா?" என்றாள் அக்கா.

மறுநாள் சாயங்காலம் சூப்பர்வைசர் பெயர்களைப் படித்தார். முதலாவது அக்கா, மூன்றாவது நான், ஐந்தாவது தொம்மலூர்ப் பெண். ஊட்டிக்குக் கூட்டிப்போனவளுக்கும் மைசூர் தசரா சொன்னவளுக்கும் கிடைக்கவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம்தான். மார்க்கையும் சூப்பர்வைசர் காட்டினார். தகவலில் எனக்கு முழு மார்க், 'கேட்க விருப்பம்' கட்டத்தில் பாதிக்குச் சற்றுமேல். அவளுக்குத் தகவலில் சில குறைந்திருந்தன. அடுத்த கட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது வந்த பெருமை என் தாளைப் பார்த்து வரவில்லை. படம் வரைகிற யோசனைக்கு யாரும் மார்க் போடவில்லை என்பதும் என் நினைவில் இருந்தது. அதற்கு நானே மனதுக்குள் ஒரு நல்ல மார்க் போட்டுக்கொண்டேன். அக்காவின் கிளிக்கூண்டுக்கும் ஒன்று.

அன்று அவளோடு தொம்மலூர் வரை நடந்து போனேன். வீட்டு வாசலில் அவள் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்ததால் நான்கு நாளாகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையாம். எங்களைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு தன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கப் பயம்.

"அஞ்சாவது பேரு என்னுது" என்றாள் என் தோழி.

"அப்ப நான் நாளைக்கு ஸ்கூலுக்குப் போலாமா?"

"போ. நாலு நாள் பாடத்தையும் சேத்து எழுதணும்."

அப்பா தைலப் புட்டியை மூடிவிட்டு, மகளை நிமிர்ந்து பார்த்து, "டெலிபோனா?" என்றார். "டெலிபோன்தான்பா" என்றாள் அவள். அவர் இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டார். தங்கை அதற்குள் அலமாரி மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் ரிப்பனைத் தேட ஆரம்பித்திருந்தாள்.